எச்.ஐ.வி. இருந்தால் வெளிநாட்டு வேலைக்குப் போய்த் தங்க முடியுமா?

சேலம் அம்மாப்பேட்டையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: தம்பி எச்.ஐ.வி.க்கு மாத்திரை எடுக்கிறார், துபாய் வேலைக்கு விசா கிடைக்குமா என்று.

பாஸ்போர்ட் எடுக்கத் தடையே இல்லை. விண்ணப்பத்தில் நோயைப் பற்றிக் கேட்பதில்லை. சிக்கல் போகிற நாட்டின் சட்டத்தில்தான். வளைகுடா நாடுகளின் வேலை விசாவுக்குக் கிளம்பும் முன்பே ரத்தப் பரிசோதனை உண்டு. போன பிறகு, குடியிருப்பு அனுமதிக்காக மறுபடியும் எடுப்பார்கள். எச்.ஐ.வி. தெரிந்தால் அனுமதி இல்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. ஒழுங்காக மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர் எல்லோரையும் போல வேலை செய்ய முடியும். ஆனாலும் சட்டம் இன்று அப்படித்தான். "மெடிக்கலை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். அங்கே இரண்டாவது பரிசோதனையில் மாட்டிக்கொள்வது தம்பிதான்.

எல்லா நாடும் இப்படி இல்லை. அமெரிக்கா 1987-இல் கொண்டுவந்த தடையை 2010 ஜனவரியில் நீக்கிவிட்டது. பிரிட்டனில் நீண்ட நாள் தங்கும் விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனைதான் கேட்பார்கள். கனடாவும் ஆஸ்திரேலியாவும் நிரந்தரமாகக் குடியேற வருபவர்களைப் பரிசோதிக்கும். அங்கே விசா மறுக்கத் தொற்று மட்டுமே காரணமாகாது, சிகிச்சைச் செலவு வரம்பைத் தாண்டுமா என்று கணக்குப் பார்ப்பார்கள்.

அப்புறம், நம் நாட்டில் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. பயணம் முடிவானால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரை ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது. சந்தேகம் என்றால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.