சட்டம் கேளுங்கள்: சமரச மேஜையில் பிள்ளை

மகளுக்கு 7 வயது, என்னிடம் வளர்கிறாள். பெங்களூரில் இருக்கும் கணவர் கஸ்டடி கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். குடும்ப நல நீதிமன்றம் எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பியுள்ளது. அங்கே வாய்விட்டால் அது எனக்கு எதிராகத் திரும்புமா?
– வாசகி, ஈரோடு

சமரசரிடம் சொன்னது திரும்பாது. பேச்சு முறிந்தால் 'உடன்பாடு ஏற்படவில்லை' என்று மட்டுமே அவர் எழுதி அனுப்புவார். எதிரெதிரே உட்காரப் பயமென்றால் தனியாகப் பேசக் கேளுங்கள், தருவார்கள். ஆனால் குடும்ப நல நீதிமன்றத்தின் ஆலோசகர் (கவுன்சிலர்) வேறு. அவர் பிள்ளையுடன் பேசித் தரும் அறிக்கையை, கஸ்டடி வழக்கில் நீதிபதி பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. அதனால் பேசுபவர் சமரசரா, ஆலோசகரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள். 7 வயதுப் பிள்ளை ஒப்பித்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது பேச்சு முடிந்து, ஒப்பந்தம் எழுதும்போதுதான். 'இருவருக்கும் வசதியான நேரத்தில் தந்தை பார்க்கலாம்' என்ற வரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளைக்கு முதல் காய்ச்சல் வந்ததுமே சண்டை தொடங்கும். இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஈரோடு ரயில் நிலைய முன்வாசலில் ஒப்படைப்பு, ஞாயிறு மாலை 5 மணிக்கு அங்கேயே திரும்ப ஒப்படைப்பு, உடல்நலக் குறைவால் தவறினால் அடுத்த சனிக்கிழமை ஈடு.' வீடியோ அழைப்புக்குக் கிழமையும் நேரமும், கோடை விடுமுறையில் யாருக்கு எந்தத் தேதிகள், தீபாவளி எந்த வருடம் யாருடன், பள்ளிக் கட்டணம் எந்தத் தேதிக்குள், பாஸ்போர்ட் யார் கையில் என்பதும் எழுத்தில் வர வேண்டும். 'பணம் வந்தால்தான் பிள்ளையைக் காட்டுவேன்' என்ற முடிச்சு மட்டும் வேண்டாம். செலவுத் தொகை பாக்கியானால் அதை வசூலிக்கத் தனி மனு உண்டு.

இருவரும் கையெழுத்திட்ட பிறகும், நீதிபதி ஏற்று உத்தரவிடும் வரை அது வெறும் காகிதம்தான். பிள்ளையின் நலனுக்கு ஒவ்வாத ஷரத்தை அவர் மறுக்கலாம்.

சமரசத்தில் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டைப் பிறகு மாற்ற முடியுமா?
– வாசகர், சேலம்

முடியும். கஸ்டடி உத்தரவு எதுவும் கல்வெட்டு இல்லை. சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்பது 1973-லேயே ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த விஷயம். பள்ளி மாற்றம், ஊர் மாற்றம், மறுமணம் போன்றவற்றைக் காரணமாகக் காட்டி, உத்தரவிட்ட நீதிமன்றத்திலேயே மனுப் போடுங்கள். 'வாட்ஸ்அப்பில் சரி என்றாரே' என்று நீங்களாகச் சந்திப்புத் தேதியை மாற்றிக்கொண்டால், உத்தரவை மீறியவர் நீங்கள் என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடும்.