மெடிக்கல் செக்ரட்டரி வேலைக்கு மகளை அனுப்பலாமா? ஒரு தாயாருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பி.காம். முடித்த உங்கள் மகள் மருத்துவமனையில் மெடிக்கல் செக்ரட்டரியாகச் சேர விரும்புகிறார் என்றும், "டைப் அடிக்கிற வேலைக்கா மூன்று வருடம் படிக்க வைத்தோம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது வெறும் தட்டச்சு வேலை அன்று என்பதால், அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூத்த மருத்துவர் காலையில் ரவுண்ட்ஸ் முடித்ததும், அன்று வீடு திரும்பும் நோயாளிகளுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி, அதாவது நோயையும் சிகிச்சையையும் தொகுத்துச் சொல்லும் அறிக்கை, தயாராக வேண்டும். மருத்துவர் சொல்வதைக் கேட்டோ, பயிற்சி மருத்துவரின் குறிப்பைப் பார்த்தோ அதைத் தட்டச்சு செய்து, ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் ஸ்கேன் அறிக்கையையும் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டு, ஐயம் எழுந்த இடத்தில் மருத்துவரையே கேட்டுத் திருத்தி, கையெழுத்துக்கு வைப்பது செக்ரட்டரியின் பொறுப்பு. தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம் என்பது 50 மில்லிகிராம் என்று அச்சாகிவிட்டால் அளவு ஆயிரம் மடங்காகிவிடும். ஹைப்போகிளைசீமியா என்றால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கிறது, ஹைப்பர்கிளைசீமியா என்றால் ஏறியிருக்கிறது. காதில் ஏறக்குறைய ஒன்றாக விழும் இந்த இரண்டு சொற்களுக்கும் சிகிச்சை நேர் எதிரானது. இடது முழங்கால் வலது முழங்காலாக மாறிவிடக் கூடாது என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

என்னிடம் ஆலோசனை கேட்டு இந்தப் பணிக்குச் சென்ற ஒரு பெண், சேர்ந்த இரண்டாம் மாதத்தில், ஒரே பெயருடைய இரு நோயாளிகளில் ஒருவரின் பரிசோதனை முடிவை மற்றவர் கோப்பில் சேர்க்க இருந்தார். தாளின் மூலையில் இருந்த நோயாளி எண்ணைக் கடைசி நிமிடத்தில் பார்த்ததால் தவறு நேரவில்லை. அன்றிலிருந்து எந்தத் தாளை எடுத்தாலும் எண்ணை முதலிலும் பெயரை அடுத்தும் படிப்பதாகச் சொன்னார். இந்தப் பழக்கம் உங்கள் மகளுக்கு இயல்பாக வருமா என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். வேகம் பழகப் பழக வந்துவிடும்.

சம்மரியோடு வேலை முடிவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ தனியார் காப்பீட்டிலோ சேர்ந்தவர்களுக்கு முன் அனுமதி பெற உரிய ஆவணங்களைத் திரட்ட வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. நடைமுறையில் அந்தக் கோப்பைத் தேடி எடுப்பதில் செக்ரட்டரிக்கும் பங்குண்டு. விபத்து, தற்கொலை முயற்சி போன்ற எம்எல்சி (சட்டம் சார்ந்த மருத்துவ) வழக்குகளின் தாள்கள் நீதிமன்றம் வரை போகும். தெரிந்தவர் ஒருவரின் அறிக்கை கையில் வந்தாலும், வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. உங்களிடமும் கூடத்தான், அம்மா.

இனி, அவர் எப்படித் தயாராவது என்று பார்ப்போம். ஆங்கிலத் தட்டச்சில் லோயர் முடித்திருக்கிறார் என்றீர்கள். அது நிமிடத்துக்கு 30 சொற்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஹையர் தேர்வையும், அதாவது 45 சொற்களையும், முடித்துவிடட்டும். மருத்துவச் சொற்களை அகராதியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். சொல்லின் இறுதிப் பகுதிகளைப் பிடித்துக்கொண்டால் போதும். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி அகற்றுதல். அப்பெண்டிசைட்டிஸ் நோய், அப்பெண்டிசெக்டமி அதற்கான அறுவை என்று தானாகவே விளங்கிவிடும். நோய்களுக்கான ஐசிடி-10 குறியீட்டு முறையையும் ஓரளவு அறிந்திருப்பது நல்லது. இரண்டாம் வகை நீரிழிவுக்கு அதில் E11 என்ற குறியீடு.

ஆறு மாதப் பயிற்சி, நூறு சதவீத வேலை என்று விளம்பரம் செய்யும் நிலையங்களில் பெரும் தொகையைக் கட்டிவிடாதீர்கள். பட்டமும் தட்டச்சும் பிழையற்ற ஆங்கிலமும் இருந்தால் பல மருத்துவமனைகள் நேரடியாகவே எடுத்துப் பழக்குகின்றன. படித்தே ஆக வேண்டும் என்று அவர் விரும்பினால், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் மருத்துவ ஆவணவியல் படிக்கட்டும். 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் மருத்துவத் தகவல் மேலாண்மையைத் தனித் தொழிற்பிரிவாகச் சேர்த்திருப்பதால், அந்தப் படிப்புக்கு மேலே போக வழி இருக்கிறது. பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டதால், கேட்டு அடிப்பதை மட்டும் நம்பி இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அதனால் முதல் இடத்தைச் சம்பளத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நேர்காணலில் அவர் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கட்டும்: எந்தத் துறை மருத்துவரிடம் பணி, முதல் மாதங்களில் தம் சம்மரிகளைச் சரிபார்க்கும் மூத்தவர் யார், டிஸ்சார்ஜ் அதிகமுள்ள நாட்களில் மாலை எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம். சரிபார்க்க யாரும் இல்லை என்று பதில் வந்தால், அதிகச் சம்பளம் தந்தாலும் அந்த இடம் புதியவருக்கு ஏற்றதன்று. வேறு மருத்துவமனையைப் பாருங்கள்.