வன்னியில் முதல் நியமனமா? கேளுங்கள், சொல்கிறேன்

கொழும்பில் வளர்ந்து, இந்த முறை வன்னியில் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் ஆசிரியர் நியமனம் பெற்ற பிள்ளைகள் கொஞ்சப்பேர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஒட்டுசுட்டான் பக்கம் நெடுநாள் படிப்பித்துவிட்டு இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், மாங்குளத்திலிருந்து உள்ளே போகிற பள்ளிக்கூடம் எனக்கு. வவுனியாவில் அறை எடுத்துப் பஸ்ஸில் போய் வரலாம் என்கிறார்கள். சரிவருமா? (கொட்டாஞ்சேனை)

சரிவராது தங்கச்சி. ஏ9 வீதியில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. மாங்குளத்தில் இறங்கிய பிறகுதான் பாடு. முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நிற்கவேண்டும், பிறகு சந்தியிலிருந்து உள்ளே போக வழி பார்க்கவேண்டும். ஏழரை மணிக்கு மணி அடிக்கும்போது நீ வழியில்தான் நிற்பாய். ஒன்றரைக்குப் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்ற நினைப்பில் கடைசிப் பாடமும் போய்விடும். தூரத்திலிருந்து ஓடி ஓடி வரும் ஆசிரியர்களால் அந்தப் பிள்ளைகள் இழந்த பாடவேளைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஊரிலேயே தங்கு. நான் சொல்வதில் வேறு எதை விட்டாலும் இதை விடாதே.

கடமையேற்கும் நாளுக்கு முன்பே ஒருமுறை போய் அதிபரைப் பார். ஆசிரியர் விடுதி இருந்தால் மூன்று விஷயம் கவனி: கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா, ஆவணி மாதத்தில் கிணறு வற்றுமா. மூன்றாவதை அதிபரிடம் கேட்காதே, பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேள். விடுதி இல்லையென்றால், வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில் ஓர் அறை கிடைக்கும். "வாடகை எதுக்குப் பிள்ளை" என்பார்கள். முதல் மாதமே கையில் வைத்துக் கொடுத்துவிடு. அந்த வீட்டுக்கு அந்தக் காசு தேவை, வாய் திறந்து கேட்கமாட்டார்கள்.

மகள் தனியாகப் போகிறாள். பாம்பு, யானை, காய்ச்சல் என்று நினைத்தால் நித்திரை வருவதில்லை. (ஒரு தாய், வெள்ளவத்தை)

அம்மா, நுளம்புவலை ஒன்று வாங்கிக் கொடுங்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று அறிவித்துவிட்டது. ஆனால் டெங்கு இருக்கிறது. வலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிவிட்டால் இரவில் பாம்பும் உள்ளே வராது. தரையில் படுக்கவேண்டாம், கட்டில் வேண்டும். நித்திரையில் கடிக்கிற கட்டுவிரியன் பாம்பின் கடி சில நேரம் வலிக்கவே வலிக்காது. அதனால் விடியப்புறம் காரணமில்லாமல் வயிறு நொந்தாலோ கண்மடல் தொங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது.

யானைக்கு ஒரே வழி, இருட்டினால் காட்டு வீதியில் போகாமல் இருப்பது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்துக்குள் பகலிலும் காலடி வைக்கக்கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். இரும்புத்துண்டு பொறுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

வகுப்பில் பாதிப்பேர் வருவதில்லையாமே டீச்சர்? என்ன செய்வது? (தெஹிவளை)

ஏன் வரவில்லை என்று முதலில் பாருங்கள். காலபோக அறுவடையை இப்போது மெஷின் செய்கிறது. ஆனால் வீதியோரம் காயப்போட்ட நெல்லை மாடு தின்னாமல் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளை. கோடையில் பாலைப்பழம் பழுத்தால் வீடே காட்டுக்குப் போகும். அது வீட்டுக்கு வருமானம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊரில் யாரும் இருக்கமாட்டார்கள், அன்று பரீட்சை வைக்காதீர்கள்.

இடாப்பில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு இருந்தால் பிள்ளை வராது. பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். முற்றத்தில் கதிரை போடுவார்கள், தேத்தண்ணி தருவார்கள், குடியுங்கள். வராததற்குக் கணக்குக் கேட்கவேண்டாம். அன்று படித்ததைப் பிள்ளைக்கு அங்கேயே பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த நாள் வகுப்பில் இருக்கும். ஊரில் தங்கச் சொல்வது இதற்காகவும்தான். காலைக் கூட்டத்தில் பிள்ளை மயங்கி விழுந்தால் வெயில் என்று விட்டுவிடாமல் என்ன சாப்பிட்டது என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

யுத்தத்தைப் பற்றிப் பேசலாமா? (பம்பலப்பிட்டி)

நீங்களாகத் தொடங்கவேண்டாம். இப்போது படிக்கிறவர்களில் அநேகமானோர் யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். ஆனால் தகப்பனின் பொய்க்காலும், வராமல் போன மாமாவின் படமும் வீட்டில் இருக்கின்றன. "என் குடும்பம்" என்று கட்டுரை கொடுத்தால் ஒரு பிள்ளை இரண்டு வரியோடு நிறுத்தும். "இன்னும் எழுது" என்று நெருக்காதீர்கள். அதாகவே சொல்ல வந்தால் கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள். யுத்தத்தில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 அன்று வீடுகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்து, அடுத்த நாள் மெதுவாகப் பாடத்தைத் தொடங்குங்கள்.

அக்கா, அப்பா அம்மா ஹட்டன் ஆட்கள். என்னை அங்கே ஏற்றுக்கொள்வார்களா? (மட்டக்குளி)

தம்பி, 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின. அவர்களின் பேரப்பிள்ளைகள் உன் வகுப்பிலேயே இருக்கலாம். சிலருக்கு இன்னும் காணிக்கு உறுதிப்பத்திரம் இல்லை. ஓரிருவர் ஊர் கேட்டுவிட்டு முகத்தைச் சுருக்கக்கூடும், இல்லையென்று நான் சொல்லமாட்டேன். நீ ஹட்டன் என்பதை மறைக்காதே. பின்வாங்கில் பேசாமல் இருக்கும் ஒரு பிள்ளை அதைக் கேட்டுத் தலை நிமிரும்.

என்ன கொண்டுபோவது?

டோர்ச், மழைக்கோட்டு, நல்ல சைக்கிள், வெண்கட்டிப் பெட்டி, கதைப் புத்தகங்கள். ஐப்பசியில் மாரி தொடங்கினால் ஒழுங்கையெல்லாம் வெள்ளம், சப்பாத்து உதவாது.

எப்போது இடமாற்றம் எழுதலாம்?

நியமனக் கடிதத்தில் உள்ள காலம் முடிந்ததும் எழுதுங்கள், அது உங்கள் உரிமை. சாதாரண தர வகுப்பு உங்கள் கையில் இருந்தால் பரீட்சை முடியும்வரை பொறுங்கள். போகும்போது எந்தப் பிள்ளை எதில் பின்தங்கி நிற்கிறது, யாருடைய வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதி, அடுத்து வருகிறவரின் கையிலேயே கொடுங்கள்.