பன்னிரண்டு பேர் என்பது சிறிய எண் அல்ல

கேள்வி: நடுநிலை நாடான அயர்லாந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிவிரைவுப் படைகளில் சேர்வது முறைதானா? அத்தனை சிறிய நாடு எண்பது பேரை அனுப்பி என்ன ஆகிவிடப் போகிறது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ‘நடுநிலை’ என்ற சொல்லைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன், நம் நாளேடுகள் அதை விடுவதாக இல்லை. இரு தரப்பையும் கேட்டு, ஒருபக்கம் சாயாமல் தீர்ப்புச் சொல்பவருக்கு உரிய சொல் அது. அயர்லாந்து போர்க் கூட்டணிகளில் சேராத நாடு, அவ்வளவுதான். 1949-இல் நேட்டோ தொடங்கியபோது அது சேரவில்லை. ஆனால் 1958 முதல் ஐ.நா. பணிகளில் அதன் வீரர்கள் இடைவெளியின்றி வெளிநாடுகளில் நின்று வருகிறார்கள். ஆகவே படை அனுப்புவதே கொள்கைக்கு முரண் என்று சொல்ல இடமில்லை.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திவைத்தது ‘எண்பது பேர்’ என்பதுதான். 2008-இன் முதல் ஆறு மாதங்கள் ஸ்வீடனின் தலைமையில் ஆயத்த நிலையில் இருந்த, அந்த அதிவிரைவுப் படைகளில் ஒன்றான நார்டிக் (வட ஐரோப்பிய) படைக்குழுவில் அயர்லாந்தின் பங்கு ஏறத்தாழ அந்த அளவுதான். ஸ்வீடன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தந்தது; எஸ்டோனியா சுமார் 50 பேரைத் தந்தது. அயர்லாந்து அனுப்பியவர்களில் முக்கியமானவர்கள் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் வல்லுநர்கள். தங்கள் தீவிலேயே பல பத்தாண்டுகள் குண்டுவெடிப்புகளைப் பார்த்துக் கைவந்த திறமை அது. பெரிய படைகளும் தேடி வந்து கேட்கும் திறமை. சிறிய நாட்டின் பங்கை ஆள்கணக்கில் மட்டும் அளந்தால் இது கண்ணில் படாது.

அந்தப் படைக்குழுக்கள் என்ன செய்தன என்றால், வருத்தத்தோடு சொல்கிறேன், எங்கும் அனுப்பப்படவில்லை. சுமார் 1,500 பேர் கொண்ட இரண்டு குழுக்கள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2007 ஜனவரியில் முழுமை பெற்றது. அதன்பின் ஒரு குழுகூடப் போர்க்களத்தைக் காணவில்லை. பெரும்பகுதிச் செலவை, முறை வந்த நேரத்தில் பொறுப்பில் இருக்கும் நாடுகளே ஏற்க வேண்டும் என்ற விதி இருக்கும்போது, புறப்படலாம் என்று யார் முதலில் கை தூக்குவார்கள்? அதே 2008-இல் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் தஞ்சமடைந்திருந்த அகதிகளைக் காக்க ஒன்றியம் ஒரு படையைத் திரட்டியது. அதற்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர் அயர்லாந்தின் பாட் நாஷ். நானூறுக்கும் மேற்பட்ட ஐரிஷ் வீரர்கள் அங்கே சென்றார்கள். ஹெலிகாப்டர்கள் கிடைக்காமல் அந்தப் படை புறப்படவே மாதக்கணக்கில் தாமதமாயிற்று. ஆயத்தப் படைக்குழுக்கள் ஆயத்தமாகவே இருந்தன.

இனி முறையா என்ற கேள்விக்கு வருகிறேன். அயர்லாந்தில் ‘மூன்று பூட்டு’ என்றொரு ஏற்பாடு உண்டு. பன்னிரண்டு பேருக்கு மேல் ஆயுதம் தாங்கிய வீரர்களை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் அமைச்சரவையின் முடிவு, நாடாளுமன்றக் கீழவையின் ஒப்புதல், ஐ.நா.வின் ஆணை ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றாவது பூட்டின் சாவி, வீட்டோ அதிகாரம் கொண்ட ஐந்து வல்லரசுகளிடம் இருக்கிறது. மாசிடோனியா தைவானை அங்கீகரித்ததால் சீனா சினந்து, அங்கிருந்த ஐ.நா. தடுப்புப் படையின் நீட்டிப்பை 1999-இல் தன் வீட்டோவால் தடுத்தது. 2003-இல் அதே நாட்டில் ஒன்றியம் தன் முதல் படைப்பணியைத் தொடங்கியபோது, ஐ.நா.வின் முறையான ஆணை இல்லாததால் அயர்லாந்து விலகி நின்றது. இந்தப் பூட்டைக் கழற்ற வேண்டும் என்று வாதிடுவோரின் நியாயம் எனக்குப் புரிகிறது. பெருமளவு ஏற்கவும் செய்கிறேன்.

ஆனால் 2025 மார்ச்சில் அயர்லாந்து அமைச்சரவை ஒப்புதல் அளித்த சட்ட முன்வரைவில், ஐ.நா.வின் பூட்டைக் கழற்றுவதோடு இன்னொரு மாற்றமும் இருக்கிறது. பன்னிரண்டு என்ற வரம்பு ஐம்பதாக உயர்கிறது. விவாதமெல்லாம் ஐ.நா.வைச் சுற்றியே நடக்க, எனக்கு அச்சம் தருவது இந்த எண்தான். 1960 நவம்பரில் காங்கோவின் நியெம்பா அருகே பதுங்கியிருந்தவர்களால் தாக்கப்பட்ட ஐரிஷ் ரோந்துக் குழுவில் இருந்தவர்கள் 11 பேர்; ஒன்பது பேர் மாண்டார்கள், இருவர் மீண்டார்கள். டப்ளின் நகரமே தெருவுக்கு வந்து அந்தச் சவப்பெட்டிகளுக்கு வழிவிட்டு நின்றது. சட்டம் சிறியதென்று ஒதுக்கிய எண்ணிக்கைக்குள் அடங்கிய துயரம் அது.

நாடாளுமன்றத்தைக் கேட்காமல் படை அனுப்புவது எங்கோ ஐரோப்பாவின் சிக்கல் என்று நாம் கடந்துபோக முடியாது. 1987 ஜூலையில் இலங்கைக்கு இந்திய அமைதிப் படை புறப்படும் முன் நம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. அப்படியொரு வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஏறத்தாழ 1,200 வீரர்கள் இறந்திருந்தார்கள். அந்தப் போரில் மாண்ட ஈழத் தமிழர்களின் கணக்கை எந்த அவையிலும் யாரும் ஒழுங்காக வைக்கவில்லை. இதை நான் ஆண்டுதோறும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

அயர்லாந்து அதிவிரைவுப் படையில் சேரட்டும். குண்டு அகற்றும் வல்லுநர்களையும் அனுப்பட்டும். ஐ.நா.வின் சாவியை எடுத்துவிடுகிறார்கள் என்றால், கீழவையின் பூட்டைப் பன்னிரண்டிலிருந்து இன்னும் கீழே இறக்க வேண்டுமே தவிர மேலே ஏற்றலாகாது. முன்வரைவு அப்படியே சட்டமானால், 2008-இல் எஸ்டோனியா அனுப்பிய அளவுள்ள ஒரு படை, ஓர் உறுப்பினரும் கை தூக்காமலே டப்ளினிலிருந்து புறப்பட்டுவிடலாம்.