செம்மறியாடு, வெள்ளாடு உவமை: இரட்சிப்பு கிரியையினாலா?

கேள்வி: மத்தேயு 25:31-46 பகுதியில், மேய்ப்பன் ஆடுகளைப் பிரிப்பதுபோல ராஜா ஜனங்களைப் பிரித்து, செம்மறிகளை வலதுபக்கமும் வெள்ளாடுகளை இடதுபக்கமும் நிறுத்தி நியாயந்தீர்க்கிறார். அங்கே விசுவாசம் என்ற பேச்சே இல்லை. பசித்தவனுக்குச் சோறு போட்டவர்கள் ராஜ்யத்துக்குப் போகிறார்கள், போடாதவர்கள் அக்கினிக்குப் போகிறார்கள். அப்படியானால் ‘விசுவாசத்தினால் இரட்சிப்பு’ என்று அப்போஸ்தலன் பவுல் எழுதியது என்ன ஆவது?

பதில்: வசனங்களின் வரிசையை முதலில் கவனியுங்கள். 32, 33-ஆம் வசனங்களிலேயே மேய்ப்பன் ஆடுகளைப் பிரித்து நிறுத்திவிடுகிறான். கிரியைகளின் (செயல்களின்) பட்டியல் 35-இல்தான் தொடங்குகிறது. தேர்வெழுத வைத்து, மதிப்பெண்ணைக் கூட்டி, அதன்பிறகு வகுப்பு பிரிக்கிற காட்சி இது இல்லை. எது செம்மறி, எது வெள்ளாடு என்பது மேய்ப்பனுக்குப் பார்த்ததுமே தெரியும். அது எல்லார் முன்பாகவும் வெளிப்படுவதற்குத்தான் பட்டியல் வாசிக்கப்படுகிறது.

34-ஆம் வசனம் இன்னும் தெளிவு. ராஜ்யத்தைச் “சுதந்தரித்துக்கொள்ளுங்கள்” என்கிறார் ராஜா. சுதந்தரம் பிள்ளைக்கு வருவது, வேலையாளுக்குக் கிடைப்பது கூலி. அந்த ராஜ்யமும் “உலகம் உண்டானது முதல்” ஆயத்தம்பண்ணப்பட்டது, அதாவது ஒருவரும் ஒரு கிரியையும் செய்வதற்கு முன்பே. அக்கினியோ (41) பிசாசுக்காகவும் அவன் தூதருக்காகவும் ஆயத்தம்பண்ணப்பட்டது. மனிதருக்காக என்று அங்கே சொல்லப்படவில்லை. பிரசங்கங்களில் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிற இடம் இது.

அடுத்தது, ‘எனக்கே செய்தீர்கள்’ என்று ராஜா சொல்லும்போது வலதுபக்கத்து நீதிமான்களுக்கு வரும் ஆச்சரியம்: “ஆண்டவரே, நாங்கள் உம்மை எப்பொழுது…” பலனை எண்ணிச் செய்தவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள், கணக்கு கையிலிருக்கும். இதே சுவிசேஷத்தில் 7:22-23-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீர்க்கதரிசனம் சொன்னோம், பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்கள் செய்தோம் என்று தங்கள் கிரியைகளைத் தாங்களே அடுக்குகிறவர்கள் அங்கே வெளியே தள்ளப்படுகிறார்கள். 25-இல் பட்டியல் ஏதும் இல்லாமல் வந்து நிற்கிறவர்களுக்கு ராஜா பட்டியல் வாசிக்கிறார். என் பார்வையில் உவமையின் திறவுகோல் இந்த இரண்டு காட்சிகளுக்கும் உள்ள வேறுபாடுதான்.

சொல்லப்படும் ஆறு கிரியைகளும் சாதாரணமானவை: உணவு, தண்ணீர், தங்க இடம், உடை, நோயாளியை விசாரிப்பது, காவலில் இருப்பவரைப் பார்ப்பது. கடைசியை இன்றைய ‘ஆறுதல் சந்திப்பு’ என்று எடுத்துக்கொண்டால் அதன் கனம் தெரியாது. ரோமர் காலத்துச் சிறை பெரும்பாலும் விசாரணைக்கோ தண்டனை நிறைவேறுவதற்கோ காத்திருப்பவரை அடைத்து வைக்கும் இடம். சாப்பாட்டுக்கும் துணிக்கும் கைதி வெளியிலிருந்து வரும் உறவினரையும் நண்பரையுமே பெரிதும் நம்பியிருந்தான். பவுலே மேலங்கியைக் கொண்டுவரச் சொல்லி எழுதுகிறார் (2 தீமோ. 4:13), தம் விலங்கைக் குறித்து வெட்கப்படாமல் ரோமாவில் தேடி வந்த ஒநேசிப்போருவை நினைத்து நெகிழ்கிறார் (1:16-17). கைதியோடு உறவு என்று தெரிந்தால் நமக்கும் ஆபத்து என்ற சூழலில், போய்ப் பார்ப்பதே ஒரு விசுவாச அறிக்கை.

வெள்ளாடுகள்மேல் கொலை, களவு, விபசாரம் என்று எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ‘செய்யவில்லை’ என்பது மட்டுமே. அவர்களும் “ஆண்டவரே” என்றுதான் கூப்பிடுகிறார்கள் (44). வெள்ளாடு கெட்ட பிராணி என்று விளக்கம் சொல்வதும் தவறு, பஸ்கா பண்டிகைக்குப் பலியிடும் ஆட்டை வெள்ளாடுகளிலிருந்தும் எடுக்கலாம் (யாத். 12:5).

இனி பவுல். ‘இரட்சிப்பு கிரியைகளினால் அல்ல’ என்பதற்கு எபேசியர் 2:8-9-ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள் 10-ஆம் வசனத்துக்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது அது. அவனவனுடைய கிரியைகளுக்குத்தக்கதாய்த் தேவன் பலனளிப்பார் என்று ரோமர் 2:6-இல் எழுதியவரும் பவுல்தான். கிரியை வேர் என்பதை அவர் மறுக்கிறார், கனி என்பதை மறுக்கவில்லை. லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்திட்ட கூட்டறிக்கையும் நற்செயல்களை நீதிமானாக்கப்படுதலின் (தேவன் பாவியை நீதிமானாக ஏற்பதின்) கனி என்றே சொல்கிறது. கனியின் பலனைப் பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியாக, மிகவும் சிறியவரான “என் சகோதரர்” ஒருவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று ராஜா சொல்லும் (40) அந்தச் சகோதரர் யார் என்ற சண்டை. பிதாவின் சித்தத்தைச் செய்கிறவனே என் சகோதரன் என்னும் மத்தேயு 12:50-ஐயும், சீஷன் என்பதற்காகக் கொடுக்கப்படும் தண்ணீரைப் பற்றிய 10:42-ஐயும் பார்த்தால், சீஷர்களைக் குறிக்கிறது என்ற வாசிப்பே வலுவானது என்பேன். ஆனால் அதை வைத்து ‘நம் சபையாருக்கு மட்டும் உதவினால் போதும்’ என்று முடிவு கட்டமுடியாது. வலதுபக்கத்தில் நின்றவர்களுக்குத் தாங்கள் யாருக்குக் கொடுத்தோம் என்றே தெரியவில்லை. தெரியாதவர்கள் ஆள் பார்த்துக் கொடுத்திருக்க வழியில்லை.