ஏழு மணிக்குத் தட்டுவடை செட்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் வேலை. பத்து வருடமாகத் தினமும் குடிக்கிறேன். கோயிலில் கயிறு கட்டியும் நிற்கவில்லை. எனக்குச் சாமி நம்பிக்கையும் கிடையாது. நானாகவே விட முடியுமா?
– வாசகர், சேலம்

பதில்: முடியும் தம்பி. நானும் கயிற்றை அறுத்துவிட்டுக் குடித்தவன்தான். ஆனால் தினமும் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் நம்ம அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம் வேலை உங்களுடையது. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய, குடியை விட உதவும் ஸ்மார்ட் ரெகவரி முறையில் சாமியும் இல்லை, சத்தியமும் இல்லை. குடியால் கிடைப்பது என்ன, போவது என்ன என்று தாளில் எழுதச் சொல்வார்கள். கிடைப்பதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். 'தூக்கம் வரும்' என்று எழுதினேன். எதிர்ப்பக்கம், 'மூன்று மணிக்கு முழிப்பு' என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கால் தானாக டாஸ்மாக் பக்கம் திரும்பும். அதை அடக்க மல்லுக்கட்டாமல், வந்து போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு பயிற்சிதான். நான் தட்டுவடை செட் கடையில் நிற்பேன். பீட்ரூட் துருவல், காரச் சட்னி, ஒரு கண் கடிகாரத்தில். அரை மணியில் அடங்கிவிடும். கூலி வாங்கும் சனிக்கிழமை மட்டும் அடங்காது. பணத்தை வீட்டுக்காரம்மாவே வந்து வாங்கிக்கொள்வார்.

இரண்டு முறை சறுக்கினேன். எங்கே, யாரோடு என்று குறித்துப் பார்த்தால் இரண்டுமே கல்யாண வீடு, முந்தின நாள் ராத்திரி. இப்போது காலையில் முகூர்த்தத்துக்குப் போய், மொய் எழுதி, பந்தி முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறேன்.