சம்பளமில்லாப் பயிற்சிக்குப் போனால் யுவநிதி 3,000 ரூபாய் நின்றுவிடுமா?

கேள்வி: சார், நான் பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். இங்கேயே பி.காம். முடித்தேன். வேலை கிடைக்காததால், கர்நாடக அரசின் வேலையில்லாப் பட்டதாரி உதவித்தொகையான யுவநிதியில் மாதம் 3,000 ரூபாய் வருகிறது. ஜெயநகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில், சம்பளம் கிடையாது, ஆறு மாதம் வந்து ஜிஎஸ்டி, டேலி கணக்கு மென்பொருள் கற்றுக்கொள் என்கிறார்கள். போனால் அரசுப் பணம் நின்றுவிடுமா? "வர்றதையும் கெடுத்துக்காதே" என்கிறார் அப்பா.

பதில்: அப்பாவின் பயம் பாதி நியாயம்தான். அரசு வேலையோ தனியார் வேலையோ கிடைத்துவிட்டால், சம்பளத்தோடு அப்ரென்டிஸாகச் சேர்ந்தால், மேல்படிப்புக்குப் போனால் யுவநிதி கிடையாது. ஒரு பைசா வாங்காமல் தொழில் பழகுவது இதில் எதிலும் வராது.

ஆனால் சிக்கல் எங்கே வரும் தெரியுமா? ரெண்டாவது மாதம் ஆடிட்டர் மனசு இளகி, "செலவுக்கு வச்சுக்கோம்மா" என்று ஒரு கவர் கொடுப்பார், அதுவே மாதாமாதம் வந்தால் பெயர் என்னவாக இருந்தாலும் அது சம்பளம்தான், அதற்கப்புறம் கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் 'எனக்கு வேலை இல்லை' என்று நீங்கள் கொடுக்கிற உறுதிமொழி பொய்யாகிவிடும். பி.எஃப். கணக்கு திறந்தாலும் அதே கதைதான். அதனால் சேரும் முன்பே ஒரு கடிதம் வாங்குங்கள்: இது பயிற்சி மட்டும், உதவித்தொகை இல்லை, இந்தத் தேதியில் தொடங்கி இந்தத் தேதியில் முடிகிறது. அதை பெங்களூர் ஒன் அரசு சேவை மையத்திலோ மாவட்டத் திறன் மேம்பாட்டு அலுவலகத்திலோ ஒருமுறை காட்டிக் கேட்டுவிடுங்கள்.

சரி, 3,000 தப்பித்தது. எனக்கு உறுத்துவது அந்த ஆறு மாதம்தான். மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி கணக்கு, இந்தச் சக்கரம் மூன்று முறை சுற்றினால் உங்களுக்குக் கை பழகிவிடும். அதற்கு மேல் சும்மா உட்கார வைத்தால் நீங்கள் கற்றுக்கொள்ளவில்லை, அவர்களுக்கு ஒரு ஆள் சம்பளம் மிச்சம், அவ்வளவுதான். அதுவும் ஏப்ரலில் கூப்பிட்டு அக்டோபரில் அனுப்புகிறார்கள் என்றால் வருமான வரி சீசனுக்கு இலவச ஆள் பிடிக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். மூன்று மாதம் என்று பேசிப் பாருங்கள். கர்நாடகப் பெண்களுக்கான சக்தி திட்டத்தில் உங்களுக்கு பிஎம்டிசி சாதாரண பஸ் இலவசம், மெட்ரோ ஆசையை விட்டால் போக்குவரத்துச் செலவே இல்லை, மதியச் சோற்றையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். மத்திய அரசின் நாட்ஸ் (NATS) என்ற தொழில்பழகுநர் பயிற்சித் தளத்தில் பி.காம். படித்தவர்களும் அப்ரென்டிஸாகப் பதியலாம், 2019-இல் பட்டதாரிகளுக்கு வைத்த குறைந்தபட்ச உதவித்தொகையே மாதம் 9,000 ரூபாய். அங்கே சேர்ந்தால் யுவநிதி போய்விடும், போகட்டும். அது எப்படியும் ரெண்டு வருஷம்தான், முழுசாக வாங்கினாலும் 72,000. அதைக் காப்பாற்றுவதற்காக நல்ல வேலையைத் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பெரிய முட்டாள்தனம்.

அப்புறம், பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தருவதாக ஆடிட்டர் வாயால் சொன்னால், எவ்வளவு சம்பளம் என்று அதே கடிதத்தில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.